மேடையில் ஒரு தினைப்புனம்: ஃபேன்டஸி பேக்டிராப்பை எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி இது: "தங்கைக்கு ரிசப்ஷன் மேடையில் ஃபேன்டஸி தீம் வேண்டுமாம். நிலா, காடு, பறவை என்று நூறு படம் சேர்த்து வைத்திருக்கிறாள். மண்டப மேடை 32 அடி அகலம், 18 அடி ஆழம். மறுநாள் காலை 6 மணிக்கு அதே மேடையில் முகூர்த்தம். பள்ளிக்கூட ஆண்டு விழா மாதிரி ஆகிவிடுமோ என்று வீட்டில் பயப்படுகிறார்கள். எங்கிருந்து ஆரம்பிப்பது?"

அந்த நூறு படத்தையும் ஒரு நாள் மூடி வைக்கச் சொல்லுங்கள். மதுரைப் பக்கம் கல்யாண மேடை கட்டுவதுதான் என் வேலை. படத்தைக் காட்டி "இதே மாதிரி" என்று கேட்கிற வீடுகளில்தான் கடைசியில் மனக்குறை வருகிறது. அந்தப் படங்களில் பெரும்பாலானவற்றில் ஆளே இருக்க மாட்டார்கள். உங்கள் மேடையில் மூன்று மணி நேரம் இரண்டு பேர் நிற்கப் போகிறார்கள், அவர்களைச் சுற்றி ஐந்நூறு பேர் ஏறி இறங்கப் போகிறார்கள். அவர்களுக்குப் பின்னால் என்ன இருக்க வேண்டும் என்பதுதான் முதல் கேள்வி.

அடுத்த முறை கோயிலில் சாமி புறப்பாடு பார்க்கும்போது உற்சவருக்குப் பின்னால் இருக்கும் திருவாசியை நின்று பாருங்கள். இரண்டு பக்கமும் தூண், தூணின் மேல் மகரம். யானைத் துதிக்கை, முதலை வாய், மீன் உடம்பு, சுருள் சுருளாக விரியும் வால். மகரங்களின் வாயிலிருந்து கிளம்பும் வளைவு உச்சியில் சேரும் இடத்தில், பிதுங்கிய கண்ணோடு சிம்ம முகம். இதைவிட மாயமான உருவங்கள் எங்கே இருக்கின்றன? ஆனாலும் தரிசனம் முடித்து வெளியே வருபவர்கள் சாமியின் முகத்தைப் பற்றித்தான் பேசுவார்கள். வேலைப்பாடு முழுவதையும் ஸ்தபதி ஓரத்துக்குத் தள்ளி, நடுவை முகத்துக்காகக் காலியாக விட்டிருக்கிறார். நான் கட்டுகிற எல்லா பேக்டிராப்புக்கும் அதுதான் அளவு.

இதை அடிக்கணக்கில் சொல்கிறேன். போட்டோகிராபர் எடுப்பது மூன்று வகைப் படம். இடுப்புக்கு மேலே ஜோடியாக எடுத்தால் நாலைந்து அடி அகலம் வரும். முழு உருவம் என்றால் எட்டு அடி. பத்துப் பேர் சேர்ந்து நிற்கும் குடும்பப் படம் பதினாறிலிருந்து இருபது அடி. அதனால் மேடையின் நடுவில் எட்டு அடி அகலம், ஏழு அடி உயரத்துக்கு அமைதியான இடமாக விட்டுவிடுங்கள். ஒரே நிறத் துணி, அதன்மேல் மெல்லிய கொடி, போதும். விஷயம் எல்லாம் ஏழு அடிக்கு மேலேயும், நடுவிலிருந்து இரண்டு பக்கமும் நாலடி தள்ளியும் வரட்டும். பக்கவாட்டில் நீங்கள் வைப்பது குடும்பப் படத்தில் மட்டும்தான் முழுசாகத் தெரியும். ஆனால் சாப்பாட்டுக்குப் போகும் வரை எதிரே நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர்கள் அதைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

நான் ஒரு முறை இதில் தவறு செய்திருக்கிறேன். ஆறடி விட்டத்தில் முழு நிலா செய்து, சோபாவுக்கு நேர் பின்னால் தலை உயரத்தில் மாட்டினேன். வெறும் மேடையில் பார்த்தபோது அவ்வளவு அழகாக இருந்தது. மாப்பிள்ளையும் பெண்ணும் வந்து நின்றதும் பின்னாலிருந்த வெளிச்சம் மொத்தக் காட்சியையும் தின்றுவிட்டது. படங்களில் நிலா வெள்ளைத் தட்டாகவும் முகங்கள் இருட்டாகவும் விழுந்தன. நடுவில் நிறுத்தி அதை அணைக்கச் சொன்னோம். அணைந்த நிலா ஒரு துணி வட்டம், அவ்வளவுதான். இப்போது நிலாவை ஒரு பக்கமாக, பத்தடி உயரத்தில்தான் வைக்கிறேன்.

சரி, என்ன காடு? படங்களில் இருக்கும் நிலா, யூனிகார்ன், கோட்டை, தேவதை, பட்டாம்பூச்சி எல்லாவற்றிலும் ஒவ்வொன்று எடுத்தால் பொம்மைக் கடைதான் கிடைக்கும். ஒரு கதை, ஒரு பொழுது, வெளிச்சம் வரும் ஒரே திசை. இந்த மூன்றும் முடிவானால் எது உள்ளே வரலாம், எது வரக்கூடாது என்பது தானாகவே தெரிந்துவிடும்.

உங்கள் தங்கைக்கு நான் சொல்வது வள்ளியின் தினைப்புனம், நிலா வெளிச்சத்தில். காதல் கதை, காடு, மாயம் மூன்றும் அதில் இருக்கிறது. வேடனாக வந்தவன் வேங்கை மரமாக மாறி நிற்கிறான், கிழவனாக வருகிறான், அண்ணன் யானையாக வந்து பெண்ணைப் பயமுறுத்துகிறான். பாட்டியிலிருந்து பேரன் வரை எல்லோருக்கும் தெரிந்த கதை என்பதால் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஒன்று மட்டும் கவனம். முருகனையோ வள்ளியையோ உருவமாக வைக்காதீர்கள். செருப்போடு ஏறுகிற மேடை, எல்லோரும் முதுகு காட்டி நிற்கிற இடம். மரமும் யானையும், வள்ளி காவல் இருந்த பரணும் போதும், கதை வந்துவிடும்.

இன்னொரு காரணமும் உண்டு. வெளிநாட்டுக் காட்டுத் தீம் ஒன்றை அப்படியே கொண்டுவந்தால் நம் வீட்டுப் பெரியவர்கள் மூன்று இடத்தில் முகம் சுளிப்பார்கள். இலையில்லாத கிளைகளை வெள்ளை பெயின்ட் அடித்து மேலே தொங்கவிடுவது இப்போது எல்லா இடத்திலும் நடக்கிறது. "கல்யாண மேடையில் பட்ட மரமா?" என்று ஒரு பாட்டி கேட்டால் நம்மிடம் பதில் இல்லை. அரசாணிக்கால் நட்டு, வாசலில் குலை தள்ளிய வாழை கட்டுகிற வீட்டில் அது நியாயமான கேள்விதான். இரண்டாவது ஆந்தை. மூன்றாவது கறுப்புத் துணி. கிளைக்கு இலையும் பூவும் கொடுங்கள், ஆந்தைக்குப் பதில் கிளி, கறுப்புக்குப் பதில் கருநீலமோ அடர்ந்த மயில்கழுத்துப் பச்சையோ போடுங்கள். கேமராவில் இருட்டு இருட்டாகவே இருக்கும், வீட்டில் சண்டையும் வராது.

இனி மேடையில் ஆழம் கொண்டுவருவது. தெர்மாகோல் மேடை ஆண்டு விழா மாதிரி தெரிவதற்குப் பெரும்பாலும் காரணம், எல்லாவற்றையும் ஒரே பலகையில் ஒட்டுவதுதான். பழைய நாடகக் கம்பெனிகளில் பின்னால் காடு எழுதிய படுதா தொங்கும். அதற்கு முன்னால் இரண்டு பக்கமும் மரம் எழுதிய தட்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும். நடிகர் அந்தத் தட்டிகளுக்கு நடுவிலிருந்து வரும்போது நிஜமாகவே காட்டுக்குள்ளிருந்து வருவது போல் இருக்கும். அதே உபாயம்தான் நமக்கும். உங்கள் 18 அடி ஆழத்தை இப்படிப் பிரிக்கலாம்: கடைசியில் கருநீலத் துணி, 14 அடி உயரம். அதிலிருந்து ஒன்றரை அடி முன்னால் தூரத்து மலையும் மரக்கூட்டமும். அதற்கு இரண்டடி முன்னால் வேங்கை மரமும் பரணும். அங்கிருந்து நாலடி விட்டு சோபா. சோபாவுக்கு மூன்றடி போக, முன்னால் ஏழரை அடி மிச்சம். வாழ்த்த வருபவர்கள் இரண்டு வரிசையாக நிற்க அது தாராளம். சோபாவுக்குப் பின்னால் நாலடி என்று நான் அடித்துச் சொல்வதற்குக் காரணம், ஆட்களின் நிழல் பேக்டிராப்பில் விழாமல் தரையில் விழும், கேமராவில் பின்புறம் லேசாக மங்கி முகம் தனியாக எடுத்து நிற்கும்.

தூரத்தில் இருப்பதை வெளிறிய நிறத்தில், விவரம் குறைத்துச் செய்யுங்கள். பக்கத்தில் வர வர நிறம் அடர்த்தியாகட்டும், ஓரம் கூர்மையாகட்டும். கொடைக்கானலில் மலைகள் அடுக்கடுக்காக மங்கிக்கொண்டே போவதைப் பார்த்திருப்பீர்கள், அதுதான். தூரத்து மலைகளை நெட் துணியில் வெட்டி ஒட்டினால் பின்னால் இருக்கும் நீலம் ஊடுருவித் தெரியும், பனி மூட்டம் தானே வந்துவிடும். பின்துணிக்கு ஃப்ளெக்ஸ் வேண்டவே வேண்டாம். அதன் பளபளப்பு ஃபிளாஷை அப்படியே திருப்பி அனுப்பும். பளபளக்காத பருத்தித் துணியில் பிரின்ட் எடுக்கலாம், அல்லது வெல்வெட்.

பரணை இரண்டாள் உயரத்துக்கு நாலு மூங்கில் நட்டு, மேலே குறுக்குக் கழி கட்டி, கூரை போடாமல் கொடி மட்டும் படரவிட்டுச் செய்யுங்கள். ஜோடிக்குப் பின்னால் அது திருவாசி மாதிரி வளைந்து நிற்கும். மேடையின் முன் ஓரத்தில் தரையோடு ஒன்றரை அடி உயரத்துக்குத் தினைக்கதிர். விவசாயிகளிடம் முன்கூட்டிச் சொல்லி வைத்தால் காய்ந்த கதிர்க்கட்டு கிடைக்கும். கிடைக்காவிட்டால் பஞ்சு போல் பூக்கும் நாணல் வகை எதுவும் சரி. தினை இருந்தால் கிளி இருக்க வேண்டும், வள்ளி அங்கே உட்கார்ந்திருந்ததே கிளி விரட்டத்தானே? பிளாஸ்டிக் கிளி வாங்காதீர்கள். கோயில் திருவிழாவுக்குத் தென்னங்குருத்தில் தோரணம் கட்டுகிறவர்களிடம் கேளுங்கள், குருத்தோலையிலேயே கிளி முடைந்து தருவார்கள். வெளிர் மஞ்சளும் இளம்பச்சையும் கலந்த அந்த நிறம் விளக்கு வெளிச்சத்தில் எந்தப் பெயின்டிலும் வராது. அன்று மதியம் முடைந்து, மேடைக்கு ஏறும் வரை ஈரச் சாக்கில் சுற்றி வைக்க வேண்டும். மறுநாள் சுருண்டுவிடும். ஒரு ராத்திரிக்குத்தானே நமக்கு வேண்டும்.

யானையை முழுசாகக் காட்டாதீர்கள். தூரத்து மரங்களுக்கும் வேங்கை மரத்துக்கும் நடுவில் நெற்றி, ஒரு கண், பாதித் துதிக்கை, ஒரு தந்தம். குழந்தைகள் முதலில் கண்டுபிடிப்பார்கள், அப்புறம் வரிசையில் நிற்பவர்களுக்கு விரல் நீட்டிக் காட்டுவார்கள். மேடை முழுவதிலும் எனக்குப் பிடித்த இடம் அதுவாகத்தான் இருக்கும்.

வேங்கை பூத்தால் மஞ்சள். அந்தப் பூ உதிர்ந்து கிடக்கும் கரும்பாறை, நிலா வெளிச்சத்தில் புலிக்குட்டி படுத்திருப்பது போலத் தெரியும் என்று சங்கப் பாட்டு ஒன்று சொல்கிறது. அதை அப்படியே செய்யலாம். மரத்தடியில் தெர்மாகோலில் செதுக்கிய மூன்றடிப் பாறை. முழுக் கறுப்பு அடிக்காமல் காவியும் சாம்பலும் கலந்த கரும்பழுப்பு. மரத்தின் மேல் துணிப் பூக்கள் இருக்கலாம், பத்தடி உயரத்தில் யாருக்கும் வித்தியாசம் தெரியாது. பாறையின் மேல் விழுந்து கிடப்பது மட்டும் நிஜ இதழாக இருக்கட்டும். வேங்கைப் பூ கடையில் விற்பதில்லை, மஞ்சள் சாமந்தியை உதிர்த்தால் போதும். சும்மா தூவாதீர்கள். பாறையின் முதுகில் கோணல்மாணலாகக் கோடு கோடாக விழும்படி கையால் வையுங்கள். பத்தடி தள்ளி நின்று கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் குட்டி தெரியும்.

தெர்மாகோல் என்றதும் ஒன்று சொல்லிவிடுகிறேன். அதன் மேல் ஸ்பிரே பெயின்டோ, தின்னர் கலந்த பெயின்டோ நேராகப் பட்டால் கரைந்து குழி குழியாகிவிடும். ரப்பர் பசையும் அப்படித்தான். முதலில் வெள்ளைப் பசையும் எமல்ஷனும் கலந்து இரண்டு கோட் கொடுத்துக் காயவிட்டு, அப்புறம் தண்ணீரில் கரையும் நிறங்களை அடிக்கச் சொல்லுங்கள்.

வெள்ளைப் பூக்களுக்கு இன்னொரு யோசனை: தஞ்சாவூர் நெட்டி. நீர்நிலைகளில் வளரும் ஒரு செடியின் தண்டுச் சோறு அது. பால் போன்ற நிறம், எடையே இருக்காது. 2020-ல் புவிசார் குறியீடு பெற்ற கைவேலை. சீவினால் இதழ் மாதிரி மெல்லியதாக வரும், நீல வெளிச்சத்தில் உள்ளிருந்து ஒளிர்வது போல் இருக்கும். பரண் கொடியில் நாற்பது ஐம்பது நெட்டிப் பூ போதும், விலை கூடுதல்தான். மற்ற இடங்களில் சம்பங்கி நன்றாகத் தாங்கும். மல்லிகையை விளக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள், இரண்டு மணி நேரத்தில் பழுப்பேறிவிடும். ஜோடியைச் சுற்றி ஆறடிக்குள் நிஜப் பூ, அதற்கு அப்பால் துணிப் பூ. முகூர்த்த நாளில் பூ விலை எப்படி ஏறும் என்பது உங்களுக்கே தெரியும்.

பணத்தில் முதல் பங்கு விளக்குக்கு. பூவைக் குறைத்துக்கூட விளக்குக்குக் கொடுங்கள். முகத்துக்கு இரண்டு பக்கமும் சாய்வாக, எட்டொன்பது அடி உயரத்திலிருந்து வெதுவெதுப்பான வெள்ளை, சுமார் 3000 கெல்வின் (விளக்கின் நிறத்தைச் சொல்லும் அளவு). இரண்டும் ஒரே அளவாக இருக்க வேண்டும். ஒன்று மஞ்சளாகவும் இன்னொன்று வெள்ளையாகவும் இருந்தால் பாதி முகம் ஒரு நிறம், பாதி முகம் வேறு நிறம், எந்த போட்டோகிராபராலும் சரி செய்ய முடியாது. பேக்டிராப்புக்கு மட்டும் இளநீலம், கீழிருந்து மரங்களின் பின்புறமாக. அடர் நீலமோ மெஜந்தாவோ முகத்தில் பட்டால் தோல் நிறம் கெட்டுவிடும். பின்னால் குளிர்ந்த நிறம், முன்னால் வெதுவெதுப்பான நிறம் என்று இருந்தால் ஆட்கள் காட்டிலிருந்து பிரிந்து முன்னால் வந்து நிற்பார்கள். மலிவான எல்.இ.டி. பார் லைட்டுகள் கண்ணுக்குத் தெரியாமல் துடிக்கும், வீடியோவில் கறுப்புப் பட்டைகள் ஓடும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் கேமராவின் ஷட்டரை ஒரு நொடியில் 50-ல் ஒரு பங்கு, 100-ல் ஒரு பங்கு என்று வைத்தால் சில விளக்குகளில் சரியாகும். எதற்கும் வாடகைக்கு எடுப்பதற்கு முன்பே செல்போனில் வீடியோ எடுத்துப் பார்த்துவிடுங்கள். மண்டபத்தில் எல்.இ.டி. திரை இருக்கிறது, அதில் காடு ஓட்டலாம் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்றே சொல்வேன். பின்னால் ஏதாவது அசைந்துகொண்டிருந்தால் கண் அங்கேதான் போகும், போட்டோவில் அலை அலையாகக் கோடும் விழும்.

நிலா செய்யும் விதம்: நாலடி விட்டத்தில் வளையம், அதில் வெள்ளைப் பருத்தித் துணியை இழுத்துக் கட்டுங்கள். பின்னால் அரை அடி ஆழத்துக்குப் பெட்டி. எல்.இ.டி. பட்டையைத் துணியை ஒட்டி வைத்தால் புள்ளி புள்ளியாகத் தெரியும், அந்த அரை அடி இருந்தால்தான் வெளிச்சம் பரவும். தேயிலை டிகாஷனைப் பஞ்சில் தொட்டுத் துணியில் ஒற்றி ஒற்றி எடுங்கள், காய்ந்தபின் நிலாவின் கறை வந்துவிடும். வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்க டிம்மர் கட்டாயம்.

நிறத்தைப் பற்றி ஒன்று: தங்கையின் உடை முடிவாகாமல் துணி வாங்காதீர்கள். கருநீலத்துக்கு முன்னால் அரக்கு, பொன், ரோஜா, வெண்பட்டு எல்லாம் எடுக்கும், ஜரிகை நன்றாக மின்னும். அவள் மயில்கழுத்து நிற லெஹங்கா எடுத்திருந்தால் பின்துணியை மாற்றியே ஆக வேண்டும்.

இனிச் சொல்வதைத் தயவுசெய்து அலட்சியமாக எடுக்காதீர்கள். 2004 ஜனவரி 23-ல் ஸ்ரீரங்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் கீற்றுப் பந்தல் தீப்பற்றி, மாப்பிள்ளை உட்பட ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். ஒவ்வொரு மேடையிலும் ஒயர் இழுக்கும்போது எனக்கு அது நினைவுக்கு வரும். நெட் துணி, தெர்மாகோல், காய்ந்த கதிர், நெட்டி எல்லாமே சீக்கிரம் பற்றுபவை. தெர்மாகோல் உருகி எரிந்து சொட்டும். அதனால் சூடாகும் பழைய ஹாலஜன் விளக்கு மேடையில் ஒன்றுகூட வேண்டாம். ஒயர் இணைப்புகள் துணிக்கு அடியில் ஒளிந்திருக்கக்கூடாது. அலங்கார விளக்குக்குத் தனி லைன், தனி எம்.சி.பி. (கோளாறு வந்தால் தானே மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்). மேடையின் இரண்டு பக்கமும் தீயணைப்பான், அதை இயக்கத் தெரிந்த ஒருவர். ஜோடி நுழையும்போது பக்கத்தில் பொங்கும் "குளிர்" பொறிகளில் எரிவது உலோகத் தூள்தான். வாசலில் வைத்துக்கொள்ளட்டும், இந்த மேடையில் கூடாது. புகைக்கு உலர் பனிக்கட்டி போடுவார்கள். அது மைனஸ் 78 டிகிரி, கைபட்டால் புண்ணாகும். அதிலிருந்து வருவது கார்பன் டை ஆக்சைடு, காற்றைவிடக் கனம், தரையோடு தேங்கும். ஏ.சி. ஹாலில் கதவடைத்துவிட்டு, குழந்தைகள் முன்வரிசையில் தரையில் உட்கார்ந்திருக்கும்போது போடக்கூடாது. போட்டே தீர வேண்டும் என்றால் ஜோடி நுழையும் இரண்டு நிமிடம், கதவுகளைத் திறந்து வைத்து.

மறுநாள் முகூர்த்தத்தில் ஹோமம் வளர்ப்பார்கள். ஆகவே ஆரம்பத்திலேயே கழற்றும்படி கட்டச் சொல்லுங்கள். பரண், கதிர், பாறை, முன் மரங்கள் எல்லாம் தனித்தனிச் சட்டத்தில் நிற்க வேண்டும், பின்துணிச் சட்டத்தில் ஆணி அடிக்கக்கூடாது. ரிசப்ஷன் பத்தரைக்கு முடிந்தால் நாலு ஆட்கள் நள்ளிரவுக்குள் இறக்கிவிடலாம். கருநீலத்துக்கு மேல் சந்தன நிறத் துணி இழுத்து, மணவறையை அதிலிருந்து ஆறடியாவது முன்னால் வைத்தால் நாலு மணிக்கு ஐயர் வரும்போது மேடை தயார். இந்த மாற்றும் வேலைக்கான கூலியை ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள். ராத்திரி பதினோரு மணிக்கு அதைப் பேசுவது யாருக்கும் நல்லதில்லை.

அன்று மாலை ஐந்து மணிக்கு எல்லா விளக்கையும் போட்டு, தங்கையின் உயரத்தில் ஒரு பெண்ணையும் மாப்பிள்ளை உயரத்தில் ஒருவரையும் நிறுத்தி, போட்டோகிராபர் நிற்கும் இடத்திலிருந்து செல்போனில் மூன்று வகைப் படமும் எடுங்கள். தலைக்கு மேல் கிளை முளைத்தது போல் தெரிகிறதா, யானையின் கண் சரியாகத் தெரிகிறதா என்று அப்போது பார்த்தால் நகர்த்த நேரம் இருக்கும்.

ஒன்று மட்டும் எனக்குத் தெரிய வேண்டும். மேடைக்குப் படி எந்தப் பக்கம் இருக்கிறது, இறங்கும் படி வேறு பக்கமா, இரண்டும் ஒன்றேதானா? வேங்கை மரத்தை இறங்கும் பக்கம்தான் வைக்க வேண்டும். ஏறும் பக்கம் வைத்தால் வரிசை பாறைமேல் இடிக்கும், நாம் கையால் வைத்த இதழ்கள் ஒரு மணி நேரம்கூடத் தாங்காது.